ஸ்பாஞ்சுக்குச் சஷ்டியப்தபூர்த்தி

ஏலேய் பேராண்டி, மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்கு? பேஸ் கிட்டாரு ஒடஞ்சு போச்சா? இல்ல. கம்பி அறுந்துச்சா? அதுவும் இல்ல. பிரிட்ஜு மூடிக்குள்ள ஒட்டியிருந்த ரெண்டு வெரக்கடை ஸ்பாஞ்சு பொடிஞ்சு கொட்டிட்டாம். அதுக்கா இந்தத் துக்கம்? போன வாரம் பூரா லெனின் சரணியில கடை கடையா ஏறி எறங்கி, லால்பஜார் வரைக்கும் நடந்து, "1962 மாடலுக்கு உள்ள ஒரிஜினல் மியூட் இருக்கா"ன்னு கேட்டியாமே. கடைக்காரன் சிரிக்காம இருந்தானா? இருந்திருப்பான். இந்த ஊருக்காரன் மரியாதை தெரிஞ்சவன். நீ படியெறங்குன பெறவு சிரிச்சிருப்பான்.

சரி, உக்காரு. லேக் மார்க்கெட்டுல காப்பி குடிச்சிட்டுத்தான வந்திருக்கே? அப்பம் நிதானமாக் கேளு. நான் அம்பாசமுத்திரம் பக்கம் தச்சு வேலை படிச்சவன். வயித்துப் பாட்டுக்குக் கல்கத்தா வந்தேன். சபாக்காரங்க தம்புராவுக்கும் பார்க் ஸ்ட்ரீட்டுப் பயலுவ கிட்டாருக்கும் ஒரே உளியாலதான் வேலை பார்த்தேன். ஒன் அளவுக்கு எனக்கு இங்கிலீசு தெரியாது. பெடல் தெரியாது, பிளக்-இன் தெரியாது. சத்தம் எது, எரைச்சல் எதுன்னு மட்டும் கொஞ்சம் தெரியும்.

ஒனக்கு எல்லாம் தெரியும். அதுதான் தொந்தரவு. வாத்தியம் வாங்கி வாசிக்க ஆரம்பிக்கும் முன்னாலயே அதோட ஜாதகம் பூரா மனப்பாடம். எந்த ஸ்க்ரூ எந்த வருசம் மாறிச்சு, எந்தப் பெயிண்ட் எந்த மாசம் அடிச்சான், எல்லாம் சொல்லுதே. "நாலு தாளத்துக்கு நேரா வாசிச்சுக் காட்டு"ன்னா, "ஆம்ப்ளிஃபையர் சரியில்ல தாத்தா"ங்கே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அவ ஆம்ப்ளிஃபையர் காலத்துக்கு முந்துனவ.

இந்த வாத்தியத்தச் செஞ்ச மனுசன் யாருன்னு தெரியும்லா? லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவுல ஃபுல்லர்ட்டன்னு ஒரு ஊரு. அங்கன ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தாரு. அவருக்குக் கிட்டாரு வாசிக்கத் தெரியாது. முழிக்காத, நெசமாத்தான் சொல்லுதேன். ஒலகமே தோள்ல மாட்டிக்கிட்டுத் திரியுற வாத்தியத்தச் செஞ்சவருக்கு அத வாசிக்கத் தெரியாது. ஆனா வாசிக்கிறவன் என்ன சொல்லுதான்னு காது குடுத்துக் கேப்பாரு. கேட்டுட்டு ராவோட ராவா ஒண்ணு செஞ்சு பாப்பாரு.

1951ல பிரெசிஷன் பேஸுன்னு ஒண்ணக் கொண்டாந்தாரு. அதுக்கு முன்னால பேஸுன்னா ஆளவிட ஒசரமா நிக்குமே, அந்த டபுள் பேஸ்தான். அதத் தூக்கிட்டு பஸ் ஏற முடியுமா? ஆட்டுக் கொடல்ல திரிச்ச கம்பி. சுண்டுனா "டும்"னு வரும், வந்த வேகத்துல அடங்கிரும். லியோ செஞ்சதோ இரும்புக் கம்பி. அதுல கரண்டையும் ஏத்திட்டாரு. என்ன ஆவும்? அடிச்ச சுரம் தெருவச் சுத்திட்டு வீடு திரும்ப நேரமாவும். அடிக்கம்பி இருக்குல்லா, ஈ கம்பி? அது நொடிக்கு 41 தடவைதான் ஆடும். அம்புட்டுத் தணிவான சத்தம் சின்ன ஹாலுக்குள்ள நின்னு முழங்குனா, மேல பாடுறவன் என்ன சொல்லுதான்னே வெளங்காது. ஒரு சுரம் போயி முடியும் முன்னால அடுத்தது வந்து அது தலையில உக்காரும். டபுள் பேஸ் கேட்டுப் பழகுன காது இத ஒத்துக்கிடுமா?

மனுசன் ரொம்ப யோசிக்கல. பிரிட்ஜுக்கு மேல ஒரு தகரமூடி போட்டாரு. மூடிக்குள்ள ஒரு துண்டு ஸ்பாஞ்ச ஒட்டுனாரு. அது கம்பியோட கடைக்கோடியில லேசா அமுங்கி நிக்கும். சத்தம் பழையபடி "டும்"முன்னு வந்து அடங்கும். அம்புட்டுதான் மியூட்டு. அதுக்குள்ள ரகசியமும் இல்ல, ரசவாதமும் இல்ல. கையில கெடச்சத வெட்டி ஒட்டுனாரு ஒரு ரேடியோ மெக்கானிக்கு. நீ அதுக்குச் சஷ்டியப்தபூர்த்தி கொண்டாடி, கும்பம் வச்சு, பன்னீர் தெளிக்கே.

1960ல ஜாஸ் பேஸ் வந்துச்சு. அதுல லியோவுக்கே கொஞ்சம் ஆசை முத்திப் போச்சு. நாலு கம்பிக்கு நாலு தனித்தனி ஸ்பிரிங்குத் தகடு. ஒவ்வொரு தகட்டுத் தலையிலயும் ஒரு பொட்டு ஃபெல்ட்டு. பாக்க லெச்சணமாத்தான் இருக்கும். ரெண்டு மூணு வருசத்துல கம்பெனியே அதத் தூக்கிப் போட்டுட்டு, பழையபடி மூடிக்குள்ள ஸ்பாஞ்சுக்கே வந்துட்டுது. ரிக்கன்பேக்கர்னு இன்னொரு கிட்டார்க் கம்பெனிக்காரன் பிரிட்ஜுலயே ரெண்டு திருகு வச்சான். திருகுனா ஸ்பாஞ்சு கீழ இருந்து எந்திரிச்சு வந்து கம்பியத் தொடும். 1976ல மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்தப்பவும் பிரிட்ஜுல நாலு மியூட்டு இருந்துச்சு. அந்தக் கம்பெனியிலயும் லியோ இருந்தாரு. விட மனசில்ல மனுசனுக்கு.

வாசிக்கிறவன் என்ன செஞ்சான்? அதக் கேளு. அறுபதுகள்ல ரவுண்ட்வுண்ட்டுன்னு, மேல உருண்டை இழை சுத்துன கம்பி வந்துச்சு. லண்டன்ல 'தி ஹூ' குழுவுல ஜான் என்ட்விசில்னு ஒருத்தன் அதப் போட்டு "டங்கு டங்கு"ன்னு மணியடிச்சுக் காட்டுனான். ஒடனே எல்லாவனுக்கும் மினுக்கு வேணும். மூடியக் கழட்டு, ஸ்பாஞ்சப் பிச்செறி. கழட்டுன மூடிய என்ன செஞ்சானுவ? கவுத்து வச்சு சிகரெட்டுச் சாம்பல் தட்டுனானுவ. அதுக்குப் பேரே ஆஷ்டிரேன்னு ஆயிப்போச்சு. அன்னைக்கு அதுல சாம்பல் தட்டுனவன் பேரன்தான் இன்னைக்கு அதே மூடியத் தேடி அலையுதான். விலை கேட்டா எனக்கு நெஞ்சு வலிக்குது.

இப்பம் ஒன் விஷயத்துக்கு வாரேன். ஒரிஜினல் ஸ்பாஞ்சு வேணுங்கே. நல்லா யோசி. ஸ்பாஞ்சுங்கறது பாலியூரித்தேன். காத்துல இருக்கிற ஈரமும் ஆக்சிஜனும் அதக் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னுக்கிட்டே இருக்கும். மொதல்ல பிசுபிசுப்பு, பெறவு பொடி. ஒங்க அப்பா வாக்மேன் வச்சிருந்தாருல்லா, அந்த ஹெட்போன்ல கருப்பா ஒரு பஞ்சு இருக்குமே, அது காதுல ஒட்டிக்கிட்டு வந்துச்சுல்லா? அதே கதைதான். பழைய ஸ்பீக்கர் ஓரத்துல சுத்திப் போட்டிருக்கிற ஃபோமும் இப்படித்தான் உதிருது. மியூசியத்துல பூட்டி வச்சிருக்கிற பொருள்லயே இதக் காப்பாத்த முடியாம அவனுவ தலையப் பிச்சுக்கிடுதானுவ. அதுலயும் இது கல்கத்தா. ஆனியில இருந்து புரட்டாசி வரைக்கும் சொவரே வேர்க்குற ஊரு. சட்டை காயாத ஊருல ஸ்பாஞ்சு காயுமா?

அப்பம் 1962ல ஒட்டுன ஸ்பாஞ்சு ஒலகத்துல எங்கயும் நல்லபடியா இருக்கப்போறதில்ல. ஒனக்கு ஒருத்தன் "1962 ஸ்பாஞ்சு" விக்கான்னா, அது போன வருசம் செஞ்சது. பழசுன்னு எழுதி ஒட்டுன புதுசு. அதக் கப்பல்ல வரவழைச்சு, டூட்டி கட்டி, கூரியர்க்காரன் பின்னால ஓடி, பெட்டியத் திறக்கிறத வீடியோ வேற எடுக்கே. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். திறந்து பார்த்தா உள்ள என்ன இருக்கு? ஒங்க அம்மா பாத்திரம் தேய்க்க வச்சிருக்காளே, அதோட தம்பி இருக்கு.

ஜேமர்சன் பேரச் சொல்லி என்னை மடக்கப் பாக்காத. எனக்கும் தெரியும். பார்க் ஸ்ட்ரீட்டுப் பயலுவ அவரு வாசிச்ச ரெக்கார்ட வச்சுக்கிட்டு என் பட்டறையில உக்காந்து மணிக்கணக்காக் கேட்டிருக்கானுவ. டெட்ராய்ட்ல மோட்டவுன் கம்பெனி. ஜேம்ஸ் ஜேமர்சன் அங்கன பேஸ் வாசிச்சவரு. அவருதும் 1962 பிரெசிஷன்தான். ஊரே மூடியக் கழட்டுனப்பம் அவரு கழட்டல. ஸ்பாஞ்சு உள்ளயே கெடந்துச்சு. தடிச்ச ஃப்ளாட்வுண்ட் கம்பி, மேல தட்டை இழை சுத்துனது. அறுந்தாத்தான் மாத்துவாராம். சுண்டுறதுக்கு ஒத்தை ஆள்காட்டி வெரல். அந்த வெரல் நடந்த நடையில ஒலகமே ஆடிச்சு. ஆனா ரெக்கார்டு ஒறையில அவரு பேரு கெடையாது. 1971ல மார்வின் கே பாடுன 'வாட்ஸ் கோயிங் ஆன்' வந்தப்பத்தான் வாசிச்சவங்க பேரப் போடணும்னு அந்தக் கம்பெனிக்குத் தோணிச்சு. 1983ல மனுசன் போய்ச் சேந்துட்டாரு. அதுக்குக் கொஞ்சம் முன்னால அந்த வாத்தியத்த எவனோ திருடிட்டுப் போயிட்டான். ஸ்பாஞ்சோட சேத்துத்தான் திருடுனான். திருடன் ஜேமர்சன் ஆயிட்டானா?

அவரு ஸ்பாஞ்ச உள்ளயே விட்டாரு, சரி. கரோல் கேன்னு ஒரு அம்மா. லாஸ் ஏஞ்சலீஸ் ஸ்டூடியோக்கள்ல எண்ணிக்கையில்லாம வாசிச்சவ. அவ என்ன செஞ்சா தெரியுமா? ஒரு துண்டு ஃபெல்ட்ட எடுத்துக் கம்பி மேல போட்டு, பிரிட்ஜுப் பக்கமா டேப்ப ஒட்டுனா. முடிஞ்சுபோச்சு. ஸ்டூடியோவுல சத்தம் சுத்தமாப் பதிஞ்சுது, அடுத்த நாளும் கூப்பிட்டான். அந்த டேப்பு எந்த வருசத்து டேப்புன்னு எவனும் கேக்கல.

நம்ம ஊருல இதுக்கு நேர் எதிரா ஒரு வேலை இருக்கு. தம்புரா பார்த்திருக்கியா, கிட்டத்துல? பிரிட்ஜ நாங்க குதிரைன்னுவோம். குதிரை மேல கம்பி படுத்திருக்கும். கம்பிக்கும் குதிரைக்கும் நடுவுல ஒரு சின்ன நூலத் தள்ளிவிடுவாங்க. ஜீவான்னு பேரு. பட்டு நூலோ பருத்தி நூலோ, ஏதோ ஒண்ணு. அத மயிரிழை முன்ன பின்ன நகத்திக்கிட்டே சுண்டிப் பாக்கணும். ஒரு எடம் வரும். அங்கன வந்ததும் கம்பி குதிரையத் தொட்டும் தொடாம அதிரும். ரீங்காரம் கெளம்பும். மேல இருக்கிற சின்னச் சின்னச் சுரமெல்லாம் பூத்துக்கிட்டு வெளிய வரும். சுண்டிட்டு வெத்தில போட்டுட்டு வந்தாலும் அது பாட்டுக்குப் பாடிக்கிட்டு இருக்கும். வடக்கத்திக்காரன் அதுக்குக் குதிரையோட முதுகையே ராவி ராவி ஜவாரி போடுவான். இங்க ராஷ்பிஹாரி அவென்யூவுல ஹேமன் சென்னு இருந்தாரே, அலி அக்பர் கானுக்குச் சரோத் செஞ்சு குடுத்தவரு, அவரு கடைப்பக்கம் போனா நான் வாய மூடிக்கிட்டு நிப்பேன். என்னை வாய மூட வச்ச ஆளு கம்மி.

பாரு, ரெண்டுமே குதிரை வாசல்ல நடக்கிற வேலை. ஒரு எடத்துல நூல வச்சுச் சத்தத்த நீட்டுதான். இன்னொரு எடத்துல ஸ்பாஞ்ச வச்சுச் சத்தத்தச் சுருக்குதான். நூலு பூக்க வைக்கிற அதே மேல் சுரங்களத்தான் ஸ்பாஞ்சு மொதல்ல முழுங்குது. அடியில இருக்கிற தடிச்ச சுரம் மட்டும் மிஞ்சி நிக்கும். தம்புராக்காரன் எவனாச்சும் "இது தஞ்சாவூர்ல 1920ல திரிச்ச ஒரிஜினல் நூலு"ன்னு பெட்டியில பூட்டி வச்சிருக்கானா? நூலு அறுந்தா வேட்டி ஓரத்துல இருந்து ஒண்ணு உருவுவான். கச்சேரி நடக்கும்.

இந்த ஊருல கிட்டாருக்குக் கொறவே இருந்ததில்ல. ஒரு காலத்துல ஹவாயன் கிட்டார்ல ரவீந்திர சங்கீதம் கேக்காத வீடு கெடையாது. பட்டுக் நந்தி, சுனில் கங்குலின்னு ரெக்கார்டு போட்டாங்க. பார்க் ஸ்ட்ரீட்டுல ப்ளூ ஃபாக்ஸ், மொகாம்போ, டிரிங்காஸ். ராத்திரி அங்கன வாசிச்சவன் பகல்ல கொண்டாந்து என் பட்டறையில போடுவான். நம்ம உஷா உதூப் இருக்காளே, 1969ல மெட்ராஸ் மவுண்ட் ரோட்டுல நைன் ஜெம்ஸ் கிளப்புல பாடிட்டு, பெறவு இங்க டிரிங்காஸ்ல சேலை கட்டிப் பொட்டு வச்சுக்கிட்டு மேடை ஏறுனா. எண்பதுகள்ல ஒரு மந்திரி இதெல்லாம் அபசம்ஸ்கிருதி, கெட்ட கலாசாரம்னு சொல்லி, சர்க்கார் மண்டபத்துல பாடக்கூடாதுன்னுட்டாரு. அவ கோர்ட்டுக்குப் போயி ஜெயிச்சுட்டு வந்து மறுபடியும் பாடுனா. அது வேற மியூட்டு, அதுக்கு ஸ்பாஞ்சு பத்தாது.

அன்னைக்கு வெளிநாட்டுச் சாமான் லேசுல கெடைக்காது. கம்பி அறுந்தா முடிச்சுப் போட்டு வாசிச்சவன் உண்டு. ஹாப்னர், கிவ்சன் எல்லாம் இந்த ஊருல செஞ்ச கிட்டாருதான், ஜெர்மனியிலயும் அமெரிக்காவுலயும் சொந்தக்காரன் இருக்கான்னு பேரு வச்சுக்கிட்டு. அத வச்சே வாசிச்சான், ஊரு ஆடிச்சு. மியூட்டுக்கு என்ன செய்வான்னு கேக்கியா? ஆர்மோனியத்துக்குள்ள போடுற ஃபெல்ட்டு லால்பஜார்ல கெடைக்கும். அதுல ஒரு துண்டு. அதுவும் இல்லையா, கைக்குட்டைய மடிச்சுக் கம்பிக்கு அடியில சொருகு. அதுவும் இல்லையா, உள்ளங்கைச் சதைய பிரிட்ஜுமேல சாச்சு வச்சுக்கிட்டுக் கட்டை வெரலால சுண்டு. அது ஒண்ணுக்குத்தான் எந்தக் கடைக்காரனும் பில்லு போட மாட்டான்.

சரி, மூடியக் காட்டு. ஒன்னால கழட்ட முடியும்லா? ரெண்டு ஸ்க்ரூ. அளவான ஸ்க்ரூடிரைவர் எடு. தலை நசுங்கிச்சுன்னா, அந்த ஸ்க்ரூ மட்டும் நெசமாவே 1962 ஸ்க்ரூ, அதுக்கு நான் ஒன்னை வைவேன். மூடியத் தனியாக் கழட்டித் தரையில பேப்பர் விரிச்சு அது மேல வை. பழைய பிசின வாத்தியத்துமேல வச்சுச் சொரண்டாத. மூங்கில் சீவல் இருந்தா அத வச்சு மெதுவாச் சொரண்டு, பிளேடு வேண்டாம், குரோமியம் கீறிப்போவும். மிச்சப் பசைய லைட்டர்ல ஊத்துற பெட்ரோல்ல துணிய நனைச்சுத் தொடச்சிரு. தின்னர் டப்பாவ அந்த ரூமுக்குள்ளயே கொண்டு வராத. அந்தக் காலத்துப் பெயிண்டு நைட்ரோ லாக்கர். தின்னர் ஒரு சொட்டு பட்டா, அறுபது வருசத்துப் பளபளப்பு ஒன் கண்ணு முன்னால கொழகொழன்னு எறங்கும். அப்பம் அழு, நானும் கூட அழுவேன்.

சொரண்டுன பொடியத் தூக்கிப் போட்டிராத. ஒரு சின்னக் கவர்ல போட்டு, பொட்டிக்குள்ள வச்சிரு. நாளைக்கு இத ஒருத்தன் வாங்க வந்தா, "இதுதான் ஒரிஜினல் மியூட்டு"ன்னு காட்டு. அதையும் மோந்து பாத்துட்டு ரெண்டாயிரம் சேத்துக் குடுப்பான். ஒன் கூட்டத்து ஆளுதான.

புது ஸ்பாஞ்சுக்கு நம்ம ஊரு சாந்தினி சவுக்குப் போ. சோபாவுக்குப் போடுற ஃபோம் துண்டு கேளு. கதவு இடுக்குல ஒட்டுவாங்களே, அந்த ரப்பர் ஃபோம் பட்டையும் ஆவும். கம்ப்யூட்டர் எலிக்கு விரிக்கிற மவுஸ் பேடு இருக்குல்லா, அதுல அடியில இருக்கிறது நியோப்ரீன். இந்த ஊரு ஈரத்துக்கு அது சாதா ஸ்பாஞ்சவிடத் தாங்கும். ஹவாய்ச் செருப்ப வெட்டாத. அது கெட்டி, கம்பிய நெரிச்சிரும். நீ வெட்டுவே, ஒன்னை எனக்குத் தெரியும்.

மூடிக்குள்ள ஒட்டுறதுன்னா, மூடிய வச்சதும் ஸ்பாஞ்சு கம்பியத் தொட்டு, அதுக்கு மேல ஒரு நூல் அளவு அமுங்கணும். தச்சன் நூல் சொல்லுதேன், அரைக்கால் அங்குலம். தைக்கிற நூல் இல்ல. அகலம் அரை அங்குலம் முக்கால் அங்குலம் போதும். எங்கன ஒட்டணும்? பிரிட்ஜுல கம்பி உக்காருற சேடிலுக்குப் பக்கத்துல, ஒட்டுனாப்புல. பிக்கப் பக்கமாத் தள்ளித் தள்ளிப் போனா சத்தம் செத்துரும். சுரமே கேக்காது, மரத்தத் தட்டுன ஓசைதான் வரும். கம்பி மேல ஸ்பாஞ்சு கொக்கு உக்காந்த மாதிரி உக்காரணும், எருமை உக்காந்த மாதிரி இல்ல. ரொம்ப அமுக்குனா கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். டியூனர் வச்சிருக்கேல்லா, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுல புடிச்சுப் பாரு. ஏறியிருந்தா கொஞ்சம் சீவு.

மூடியே இல்லாத வாத்தியம்னா கம்பிக்கு அடியில சொருகணும். அங்கனதான் எல்லாப் பயலும் கோட்டை விடுதான். ஸ்பாஞ்ச நேர்க்கோட்டுல வெட்டிச் சொருகிட்டு, "ஓரத்து ரெண்டு கம்பியும் அடங்குது, நடுவுல உள்ளது கத்துது தாத்தா"ன்னு வாரான். கத்தாம என்ன செய்யும்? அந்தப் பழைய ஃபெண்டர் கழுத்து வளைவு ஏழேகால் அங்குல ஆரத்துல எடுத்தது. நாலு கம்பியும் ஒரே மட்டத்துல இருக்காது, நடு ரெண்டும் ஒசந்து நிக்கும். ஸ்பாஞ்சு முதுகையும் லேசா வளைச்சு வெட்டு. ஜி கம்பிப் பக்கம் ஒரு பொட்டு கொறச்சு வெட்டு. மெல்லிசுக் கம்பி சீக்கிரம் அடங்கிரும், தடிச்ச ஈ கம்பிதான் ரவுடி. கம்பிய ரெண்டு சுத்து தளத்திட்டு, பக்கவாட்டுல இருந்து தள்ளு. பசை வேண்டாம். டபுள் டேப்பும் வேண்டாம், லாக்கரப் பிச்சுக்கிட்டு வரும். ரப்பரும் ஃபோமும் நைட்ரோ மேல மாசக்கணக்குல கெடந்தா அதுவே கறை புடிக்கும். அடியில பழைய வேட்டித் துணி ஒரு மடிப்புப் போட்டு வை. வாசிச்சு முடிச்சா உருவிரு.

ஒன் கூட்டாளி ஒருத்தன் அந்த நாலு ஸ்பிரிங்கு வச்ச ஜாஸ் பேஸு வச்சிருக்கான்னியே, அவன்ட்டச் சொல்லு. ஃபெல்ட்டு கம்பளிச் சாதி. பூச்சி தின்னிருக்கும். ஃபெல்ட்ட மட்டும் மாத்தணும், தகட்ட வளைக்கக் கூடாது. தகட்டுல துரு இருந்தா மெசினெண்ணெய் ஒரு தொடு. ரிக்கன்பேக்கர் திருகு எறுகியிருந்தா எண்ணெய் விட்டு ராத்திரி பூரா வச்சிட்டு விடிஞ்சு திருகு. குறடு எடுத்தான்னு கேட்டேன், பட்டறைக்குள்ள விட மாட்டேன்.

இப்பம் வாசி. "டும்"முனு வந்து, "ம்" முடியும் முன்னால நிக்கணும். நிக்குதா? நல்லது. ஆனா மூஞ்சி திரும்பவும் வாடுதே. ஏன்? தெரியும். ஸ்பாஞ்சு வச்சதும் ஒன் பொய்யி வெளிய வந்துட்டுது. கம்பி ரீங்காரமா முழங்குறவரை நீ கொஞ்சம் முன்ன பின்ன விழுந்தாலும் அது மேல போர்வை விழுந்து மூடிக்கிடும். சத்தம் சுருங்குனா எடைவெளி தெரியும். எங்க வந்தே, எங்க விட்டே, டிரம்ஸ்காரன் கால வச்ச எடத்துல நீ இருந்தியா, எல்லாம் வெட்டவெளிச்சம். பழைய கம்பியும் ஸ்பாஞ்சுமா ஜேமர்சன் அத்தனை வேகத்துல வாசிச்சும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியா நிக்குதுன்னா, அந்த வெரலுக்கு எந்தக் கடையில டூட்டி கட்டுவே?

ராசா பாட்டு கேப்பேல்லா, இளையராஜா? பேஸ் மட்டும் தனியாக் கேளு. சசிதரன் வாசிச்ச பாட்டுகளக் கேளு. சுரம் எங்க ஆரம்பிக்குதுன்னு எல்லாப் பயலும் கேப்பான். எங்க முடியுதுன்னு கேளு. ஒரு வாரம் அத மட்டும் கேட்டுட்டு வந்து ஸ்பாஞ்சோட ஒக்காரு.

எல்லாப் பாட்டுக்கும் வச்சிக்கிட்டு அலையாத, அதையும் சொல்லிருதேன். கட்டை வெரலால அறைஞ்சு வாசிப்பியே, ஸ்லாப்பு, அதுக்குக் கம்பி கூவணும், உருவிப் போடு. நிதானமான பாட்டுல சுரம் நீண்டு நிக்கணும்னாலும் உருவு. புதுக் கம்பி போட்ட அன்னைக்கு மினுக்கு தாங்காதுல்லா, அன்னைக்கு வச்சுப் பாரு. ரவுண்ட்வுண்ட் கம்பின்னா அரம் கணக்கா ஸ்பாஞ்ச ராவும், சீக்கிரம் தேயும். ஃப்ளாட்வுண்ட்டுன்னா அம்புட்டுத் தேயாது. சின்ன ரூமுல, கல்யாண மண்டபத்துல, பூஜைப் பந்தல்ல ஸ்பீக்கர் குமுறுதுன்னா, ஆம்ப்ளிஃபையர்ல இருக்கிற பதினேழு குமிழையும் திருகாத. மொதல்ல ஸ்பாஞ்ச வை. பாடுற பிள்ளை ஒன்னைத் திரும்பிப் பாத்துச் சிரிக்கும். இத்தனை வருசத்துல ஒனக்கு அது நடந்திருக்கா?

எவனாச்சும் கிட்ட வந்து குனிஞ்சு பாத்து, "மியூட்டு ஒரிஜினலா"ன்னு கேட்டா என்ன சொல்லுவே? சாந்தினி சவுக்கு சோபாக் கடைன்னு சொல்லு. அவன் மூஞ்சி போற போக்க நான் பாக்கணும், என்னையும் கூட்டிட்டுப் போ.

மழை முடிஞ்சு, காளி பூஜைக்கு முன்னால ஒரு தடவை மூடியக் கழட்டிப் பாரு. நகத்தால அமுக்கு. மேல எந்திரிச்சு வந்தா இருக்கட்டும். பள்ளம் அப்படியே நின்னாலோ, வெரல்ல ஒட்டுனாலோ, ஆயுசு முடிஞ்சுது, வேற வெட்டு. அதுக்கு மறுபடியும் ட்ராம் புடிச்சு என்கிட்ட வராத. கத்திரிக்கோல் ஒங்க வீட்டுலயும் இருக்கும்லா?